லொறி போகுமா? ஹட்டன் – நுவரெலியா தோட்டப் பாதைகளில் சைக்கிள்

தேயிலைத் தோட்டத்துக்குள் வழி கேட்கும்போது, "இந்தப் பாதையில போகலாமா?" என்று கேட்காதீர்கள். "போகலாம்" என்றுதான் பதில் வரும். பதில் சொல்பவர் முதுகில் கொழுந்துச் சுமையோடு அந்தச் சரிவில் தினமும் ஏறி இறங்குகிறவர். அவரால் போக முடியாத இடம் அந்த மலையில் கிடையாது. நீங்கள் கேட்க வேண்டியது இது: "அக்கா, இந்த ரோட்டுல லொறி போகுமா?"

லொறி போகும் என்றால் தயங்காமல் மிதிக்கலாம். ஏற்றம் நீளமாக இருக்கும், ஆனால் மூச்சை முறிக்காது. "லொறி வராது, டிரக்டர் வரும்" என்றால் கல்லும் குழியும் நிறைய. நேரத்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். "ஆட்டோ வரும்" என்ற பதிலில் ஏமாந்துவிடக் கூடாது. அது பெரும்பாலும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஏறும் கொங்கிரீட் பாதை. மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், சரிவோ சுவர்போல நிற்கும். "நடந்து போவாங்க தம்பி" என்று சொன்னால் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டிவரும். அந்த ஒற்றையடிக் குறுக்குகளில் மண்ணில் வெட்டிய படிகள் இருக்கும். அவை காலுக்காக வெட்டியவை.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியின் விரிவுதான். கரடுமுரடான மண் பாதையிலும் தார்ச் சாலையிலும் ஒருசேர ஓடும் கிராவல் சைக்கிளுக்கு இலங்கையில் மலையகத் தோட்டப் பாதைகளைப் போன்ற இடம் வேறில்லை. ஆனால் இவை வேலைக்காக வெட்டப்பட்ட பாதைகள், உலாவுக்காக யாரும் வெட்டவில்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் வரைபடம் இல்லாமலேயே பாதி வழி புரிந்துவிடும்.

பாதை ஏன் இப்படி ஓடுகிறது

இவற்றில் பல, தேயிலைக்கு முந்தியவை. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டைத் திறந்து வெட்டிய தடங்கள் அவை. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டுகளில் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. கோப்பி அழிந்தது, பாதைகள் நின்றன, தேயிலை அவற்றில் ஏறிக்கொண்டது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தபோது, தோட்டப் பாதைகள் ரயில் நிலையங்களை நோக்கித் திரும்பின.  இந்தப் பாதைகளுக்குத் துரைமார் கோடு போட்டார்கள். வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே பாதையோர லயங்களில்தான் இருக்கிறார்கள்.

பாதையின் இலக்கணம் கொழுந்திலிருந்து தொடங்குகிறது. பறித்த கொழுந்து குவியலாகக் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் அது ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். (வெளியார் தொழிற்சாலை என்று சொல்வதைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். வழி கேட்கும்போது நீங்களும் அப்படியே கேளுங்கள்.) அதனால் எந்த மலையிலிருந்தும் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு லொறிப் பாதை இருக்கும்படி தோட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. சுமையோடு மாட்டுவண்டி ஏற வேண்டும் என்பதற்காக அன்று பாதையைச் சரிவின் குறுக்கே, உயரம் மெல்ல மெல்லக் கூடும்படி இழுத்தார்கள். இன்று லொறிக்கும் உங்கள் முழங்காலுக்கும் அதுவே உதவுகிறது. இங்கே நேராக மேலே ஏறும் அகலப் பாதையைக் கண்டால் சந்தேகப்படுங்கள். அது பங்களாவுக்கோ கோயிலுக்கோ போய் முடிந்துவிடும்.

அகலமான பாதைகள் எல்லாம் ஸ்டோரில் கூடும். மூடுபனியில் திசை தெரியாமல் போனால், ஒவ்வொரு சந்தியிலும் லொறி டயரின் தடம் அதிகம் தெரியும் பக்கம் திரும்பிக்கொண்டே வாருங்கள். ஸ்டோரின் தகரக் கூரையோ, இலை வாட்டும் வாசமோ உங்களுக்கு வழி சொல்லிவிடும். ஸ்டோரிலிருந்து பிரதான சாலைக்குத் தோட்டத்திலேயே நல்ல பாதை இருக்கும், ஏனென்றால் பெட்டி கட்டிய தேயிலை அந்த வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறது.

லயங்களுக்கு ஏறும் கொங்கிரீட் துண்டுகள் பிற்காலத்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் யாருடைய நிதியில் போடப்பட்டது என்று ஒரு கல் நட்டிருப்பார்கள். சில இடங்களில் கல் பாதையைவிட உறுதியாக இருக்கிறது.

பாதையின் உட்பக்கம், அதாவது மலையோரம், கான் ஓடும். வெளிப்பக்கம் பள்ளம். வெளி விளிம்பில் புல் பச்சையாகவும் மென்மையாகவும் தெரியும். அதன் கீழே மண் இருக்கிறதா என்பது மழைக்குப் பிறகு யாருக்கும் தெரியாது. எப்போதும் உட்பக்கம் சாய்ந்தே ஓட்டுங்கள். பாதையைக் குறுக்கே வெட்டும் கான்கள் இறக்கத்தில்தான் ஆளை வீழ்த்தும். அவை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும், சக்கரம் அதற்கு நேர்க்குத்தாக இறங்க வேண்டும். கல் பதித்த பழைய பாதைகளில் நிழல் விழும் இடமெல்லாம் பாசி. காலையில் ஏறும்போது அது கண்ணில் படாது, மாலையில் இறங்கும்போது முழங்கையில் படும்.

எந்த மாதம்

இதற்குத் தேயிலைத் தரகர்களின் நாட்காட்டியைவிட நல்ல வழிகாட்டி இல்லை. டிம்புலை, டிக்கோயாப் பக்கத் தேயிலைக்குச் சிறந்த மணம் வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாவுக்கு அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. காரணம் ஒன்றுதான்: அந்த மாதங்களில் அந்தச் சரிவில் மழை விட்டு, வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் வருகின்றன. கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் ஏறுகிறது, பாதையும் காய்கிறது. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை என்றால் ஜனவரி – மார்ச். நுவரெலியாவிலிருந்து கிழக்கே கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கம் என்றால் ஜூலை – செப்டெம்பர். பெப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரும்.

மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் ஹட்டன் பக்கம் போகாதீர்கள். ஹட்டனுக்குக் கீழே உள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை எங்கும் உண்டு. ஏப்ரலில் மழையைவிடக் கூட்டம் தொல்லை. நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டத்துக்குக் கொழும்பே ஏறி வந்துவிடும். அறை வாடகையும் கூடவே ஏறும். எந்த மாதமானாலும் காலை ஆறரைக்குப் புறப்பட்டு இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் லொறி தெரியாது.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்தில் பல சரிவுகளைக் கீழே இறக்கியது. சாலைகளும் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தன. அதற்கு முன் பதிவான கைபேசி வரைபடத் தடங்களை நம்பி இறங்க வேண்டாம். புறப்படும் முன்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச வாரியாக வரும். மஞ்சள் என்றாலே தோட்டப் பாதையை விட்டுவிட்டு ஊரில் தேநீர் குடிப்பது நல்லது.

சைக்கிள்

ஒரு விநோதம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு இருக்காது. ஹட்டனில் சைக்கிளைப் பார்த்தால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருகிறார்கள். ஏற்ற இறக்கம் அப்படி. அதனால் சைக்கிள் கடையை எதிர்பார்த்து வராதீர்கள். ஆட்டோ, மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் இடங்கள் எல்லா பஜாரிலும் உண்டு. காற்று, பஞ்சர், உடைந்த இரும்பை ஒட்டுவது எல்லாம் அங்கே நடக்கும். உங்கள் அளவு டியூப், பிரேக் கட்டை, செயின் இணைப்பு, கியர் தாங்கி ஆகியவை நடக்காது. அவற்றைப் பையில் கொண்டு வர வேண்டும்.

டயர் 40 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். கல் பதித்த பாதைகளுக்கு 45 முதல் 50 வரை இன்னும் நல்லது. சமதரைக்காரர்கள் முன்கியரைப் பெரிதாக வைத்துக்கொண்டு வந்து முதல் நாளே தள்ளத் தொடங்குவதைப் பார்க்கலாம். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் முன்பல்சக்கரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இங்கே ஆடம்பரக் கணக்கில் சேராது. டிஸ்க் பிரேக் வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், விட்டு விட்டு அழுத்துங்கள். முன்னும் பின்னும் விளக்கு, ஒரு மெல்லிய மழை மேலாடை, கையுறை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் புல்லில் உறைபனி விழுந்து தேயிலையையே கருக்கும். ஹட்டன் ரயில் நிலையம் அதைவிட ஏறத்தாழ 600 மீற்றர் கீழே. ஒரே நாளில் இரண்டு உடுப்பு தேவைப்படும்.

தோட்டத்தின் நேரம்

இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட 1968ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்தது. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போன் வரை 160 கிலோமீற்றர் ஓடும் சவுத் டவுன்ஸ் பாதையில் எந்தப் பண்ணையாரிடமும் கேட்காமல் போகலாம். தங்கள் ஊரின் பெயர்களை எல்லாம் கொண்டுவந்து டெவன், சமர்செட், எடின்பரோ, கிளாஸ்கோ என்று இங்குள்ள தோட்டங்களுக்கு வைத்தவர்கள் அந்த வழக்கத்தை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். தோட்டப் பாதை இங்கே தோட்டத்துக்குச் சொந்தம். நிலம் அரசுடையது. 1992இலிருந்து நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில். எனவே நுழையும் இடத்தில் காவலாளியிடமோ தோட்ட அலுவலகத்திலோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். "ஐயா, அந்தப் பக்கம் இறங்கிப் போறோம், நிக்க மாட்டோம்" என்றால் பெரும்பாலும் கையசைத்துவிடுவார்கள். மறுத்தால் வாதாடாதீர்கள், உங்களை உள்ளே விட்டதற்காகத் துரையிடம் திட்டு வாங்கப்போவது அந்தக் காவலாளிதான்.

இப்போது பீக்கோ தடம் என்ற ஏற்பாடும் இருக்கிறது. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன் பக்கமாகவும் ஹப்புத்தளை, எல்ல வழியாகவும் சுற்றி நுவரெலியாவில் முடியும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை, 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உதவி செய்தன. பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகளே என்பதால் சைக்கிளுக்கும் நிறையப் பொருந்தும். ஆனால் அது முதலில் நடப்பவர்களுக்கான தடம். படியும் ஒற்றையடியும் வரும் இடங்களில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அதிகாலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகும் கூட்டம் பாதை நிறைய வரும். மணியடித்துக் கடக்காதீர்கள், இறங்கி ஓரமாக நில்லுங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் அன்றைய பாதை நிலவரம் முழுவதும் தெரிந்துவிடும். நண்பகலிலும் மாலை நாலரையை ஒட்டியும் மடுவத்தில் கொழுந்து நிறுப்பார்கள். அதன் பிறகு லொறி ஸ்டோருக்கு விரைந்து ஓடும். குறுகிய பாதைகளில் அந்த இரண்டு நேரத்தையும் தவிருங்கள். லொறி எதிரே வந்தால் மலைப் பக்கம் ஒதுங்கி, இறங்கி நில்லுங்கள்; பள்ளப் பக்கம் வேண்டவே வேண்டாம். மடுவத்தில் நிறுக்கும்போது கெமராவை நீட்டாதீர்கள். எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு என்பதில்தான் அன்றைய கூலி நிற்கிறது. அது வேடிக்கை பார்க்கும் இடமாகாது. கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுப்பதும் அப்படியே. லயத்து முற்றம் என்பது ஒருவருடைய வீட்டு வாசல். பாதை அதன் ஊடே போனால் இறங்கி உருட்டிக்கொண்டு போவது மரியாதை.

மாதத்தின் 10ஆம் தேதியை ஒட்டிச் சம்பளம். அதற்கடுத்த ஞாயிறு ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை பஜார்களில் சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது. மாசியில் காமன் கூத்து, சித்திரையில் தேர் என்று திருவிழாக்கள் பாதையை மறிக்கும்போது அவசரப்படாமல் நின்றால் அன்னதானத்தில் இலை கிடைக்கும். சாதாரண நாளில் காலைச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். ஏற்றத்துக்கு இதைவிட நல்ல எரிபொருளை நான் கண்டதில்லை. ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்காதீர்கள். மேலே உரமும் களைகொல்லியும் போட்ட மலை இருக்கும்.

பயப்பட வேண்டியவை

சிறுத்தை பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தேயிலைக்குள் சிறுத்தை உண்டு, உண்மை. அந்தியிலும் விடியலிலும் காட்டோரப் பாதைகளில் தனியாக ஓட்டாமல் இருந்தால் போதும். காட்டு ஓரத்தில் பற்றைக்குள் இறங்காதீர்கள். பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணிகள் கிடக்கும். சிறுத்தைகளே அவற்றில் சிக்கிச் செத்திருக்கின்றன.

நிஜமான பயம் குளவிக்கு. தோட்டத் தொழிலாளர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி வராத மாதம் குறைவு; உயிரிழப்புகளும் உண்டு. மரக்கிளையிலோ பாறையிலோ தொங்கும் கூட்டைப் பருந்து தட்டினாலோ காற்று ஆட்டினாலோ கூட்டமாகக் கிளம்பும். வாசனைத் திரவியம் பூசாமல் வாருங்கள். "குளவி, குளவி" என்று சத்தம் கேட்டால் வேடிக்கை பார்க்க நிற்காமல், மேலாடையால் முகத்தையும் கழுத்தையும் மூடி வந்த வழியே திரும்பி, கிடைக்கும் கட்டடத்துக்குள் போங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். பல இடத்தில் கொட்டிவிட்டால், வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் பெரிய அரச ஆஸ்பத்திரிகள் உண்டு. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் வாசித்துக்கொண்டே போங்கள்.

அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். லயத்து நாய்கள் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள். கடித்துவிட்டால் அன்றே ஊசி.

முதல் தடம்: டிக்கோயாவிலிருந்து காசல்ரீக் கரை வழியே நோர்வூட்

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். ஹட்டனிலிருந்து டிக்கோயா வரை தார்ச் சாலை, பஸ் அதிகம். சீக்கிரம் புறப்பட்டால் தொல்லையில்லை. பிறகு நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கும். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ, விரல் விரலாக மலைகளுக்குள் புகுந்து கிடக்கிறது. பாதை ஒவ்வொரு விரலின் நுனி வரை போய்த் திரும்பும். எதிர்க்கரையில் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் ஸ்டோருக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். கண்ணால் தூரத்தை அளந்து நேரம் குறிக்கிறவர்கள் இங்கே மதியச் சாப்பாட்டைத் தவறவிடுவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நீர் வலக்கைப் பக்கம் இருக்கும்படி போனால் நீங்கள் மலைப் பக்கம் இருப்பீர்கள். நீர் இடக்கைப் பக்கம் இருந்தால் பள்ளத்து விளிம்பு உங்களுடையது. காற்றும் லொறியும் சேர்ந்து வரும்போது இந்த வித்தியாசம் பெரிது. முடிந்தவரை முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

கரையோரம் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம் நிற்கிறது. கல்லறைகளில் துரைமாரின் வயதைப் பாருங்கள், பலர் இளைஞர்கள். அதே காலத்தில் அதே மலைகளில் இறந்த கூலிகளுக்குக் கல் இல்லை. அவர்கள் தேயிலைக்கடியில் இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திரும்பும்போது கரைப் பாதையை விட்டு, மேலே தோட்டங்களுக்குள் ஓடும் பாதையைப் பிடியுங்கள். நீர்த்தேக்கம் முழுவதும் கீழே விரியும். நீரை முழுதாகச் சுற்றிவிடும் ஆசையை முதல் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காலில் வலு மிச்சமிருப்பவர்கள் நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் போகலாம். 1969இல் மவுஸ்ஸாக்கலை அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வறட்சியில் நீர் வற்றினால் பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் மேலே வரும், ஊரே பார்க்கப் போகும். டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். சனி, ஞாயிறு இரவுகளில் அந்தச் சாலை சைக்கிளுக்கு உரியதில்லை.

இரண்டாம் தடம்: ரயிலை ஒட்டி, கொட்டகலையிலிருந்து வட்டகொடை

இதன் பெரிய வசதி, கைவிட்டுவிடலாம் என்பது. கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல, நானுஓயா என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. முடியாவிட்டால் அடுத்த நிலையத்துக்கு இறங்கிவிடலாம். சைக்கிளை அப்படியே பெட்டிக்குள் தள்ள விடமாட்டார்கள். சக்கரம் கழற்றிப் பையில் போட்டால் பேச்சு சுலபம். ரயில் அன்று ஓடுகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலவாக்கலை வரை ஏ7 சாலையில் போகாமல் தோட்டங்களுக்குள் போங்கள். டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளைச் சாலையோரம் நின்று பார்ப்பவர்களை நீங்கள் எதிர்ச்சரிவிலிருந்து பார்ப்பீர்கள். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் வந்த பிறகு சென் கிளயருக்கு நீர் அளந்துதான் விடப்படுகிறது. பழைய படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. வட்டகொடைக்கு அப்பால் கிரேட் வெஸ்டர்ன் மலையடி வரை பாதை நன்றாகவே இருக்கிறது. தண்டவாளத்தின் மேலோ சுரங்கத்துக்குள்ளோ சைக்கிளைக் கொண்டு போகாதீர்கள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். உள்ளே ஒதுங்க இடம் தேடிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்துவிடும்.

மூன்றாம் தடம்: பொகவந்தலாவையிலிருந்து டயகமவுக்கு

இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த தடம், கடினமானதும் இதுவே. முந்தைய இரண்டையும் முடித்தவர்கள் மட்டும் வாருங்கள். நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவை வரை கெஹெல்கமு ஓயாவோடு ஏறுகிறீர்கள். பள்ளத்தாக்கு அகலமாக, வெயில் விழுந்து கிடக்கும். 19ஆம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞர்களில் ஒருவரான ஜூலியா மார்கரட் கெமரன் 1879இல் இங்கே இறந்து சென் மேரிஸ் தேவாலயத்தில் அடங்கினார். இங்கிலாந்தில் புகழோடு இருந்தவர், மகன்மாரின் தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்க வந்தவர். பொகவந்தலாவை பஜாரில் சாப்பிட்டு, இரண்டு போத்தல் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு கடைகள் குறைவு, கைபேசிச் சமிக்ஞை அதைவிடக் குறைவு.

ஏற்றம் தேயிலையில் தொடங்கிக் காட்டு விளிம்பில் முடிகிறது. உச்சியில் ஒரு மேட்டுக்கோடு வருகிறது. அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை கெஹெல்கமு ஓயா வழியாகக் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பில் கடலடைகிறது. அந்தப் பக்கம் விழுவது அக்கரா ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலியாகி, நாட்டைச் சுற்றி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கடலைத் தொடுகிறது. சைக்கிளில் போகிறவருக்கு இது வெறும் பூகோளமாக நிற்பதில்லை: மேட்டைத் தாண்டியதும் காற்றின் திசை மாறும், பனிமூட்டம் ஒரு பக்கம் மட்டும் நிற்கும், பாதையின் ஈரம் மாறும். இந்தப் பக்கம் காய்ந்திருந்தது என்பதற்காக அந்தப் பக்க இறக்கத்தில் வேகம் எடுக்காதீர்கள்.

இங்கே வழிகேட்க ஆள் கிடைக்காத துண்டு ஒன்று உண்டு. தனியாகப் போக வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளி அருகிலிருக்கிறது என்று அந்தப் பக்கம் திரும்பிவிடவும் வேண்டாம். அது 1988இலிருந்து தேசியப் பூங்கா. வாசலில் சீட்டு வாங்கித்தான் நுழையலாம். டயகமவில் இறங்கியதும் அக்கரப்பத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு நீண்ட இறக்கம். பஸ்ஸும் உண்டு. பிற்பகல் ஒரு மணிக்கு மேட்டைத் தாண்டியிருக்காவிட்டால் பொகவந்தலாவைக்கே திரும்பிவிடுங்கள்.

நான்காம் தடம்: நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை

நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குறும்பாதை ரயில் ஓடியது. தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலம். 1940களில் அது நின்றுபோனது. அது போன தடத்தின் சில துண்டுகள் இன்று சாலையாகவும் தோட்டப் பாதையாகவும் இருக்கின்றன. ரயிலுக்காக வெட்டியதால் வளைவுகள் விசாலம். பேதுரு தோட்டத்துக்குள் புகுந்து கந்தப்பளைக்கு ஏறும்போது தேயிலை விலகி லீக்ஸும் கரட்டும் கோவாவும் வரத் தொடங்கும். மரக்கறித் தோட்டங்களில் மருந்தடிப்பவர்களைக் கண்டால் காற்றின் திசை பார்த்துக் கடந்து போங்கள்.

கந்தப்பளையிலிருந்து இராகலை பெரும்பாலும் இறக்கம். அதுதான் சிக்கல்: திரும்ப ஏற வேண்டும். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றுவது கண்டக்டர் அண்ணனின் மனநிலையைப் பொறுத்தது. மரக்கறி லொறிகள் பிற்பகலில் நுவரெலியாப் பக்கம் போகும். சாரதியோடு முதலிலேயே காசு பேசிக்கொண்டால் ஏற்றிக்கொள்வார்கள். சைக்கிளை லீக்ஸ் மூட்டைகளின் மேல் படுக்கவைக்கும் முன்பு இரண்டு பெடலையும் கழற்றி, செயினைச் சாக்கால் சுற்றிவிடுங்கள். எண்ணெய் பட்ட மூட்டையை நீங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.